பயணம் அல்ல, உலா

புதுச்சேரியில் ஒரு விடுதியின் மேசையில் கிடந்த மடிப்புத்தாள்: ‘சுய வழிகாட்டப்பட்ட பாரம்பரிய நடைப்பயணம்’. உள்ளே பழைய நகரின் வரைபடம், எண் போட்ட வீடுகள். தாளை வைத்துக்கொண்டு நாமே சுற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ஆங்கிலத்தின் ‘செல்ஃப்-கைடட் ஹெரிட்டேஜ் வாக்’கைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தத் தொடரை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல.

‘ஹெரிட்டேஜ்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முன்னோர் விட்டுச்சென்ற சொத்து என்பதே மூலப்பொருள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் இதற்கு ‘முதுசம்’ என்று அருமையான சொல் உண்டு. ‘பாரம்பரியம்’ வடமொழி. இப்போது அதைக் கேட்டாலே அரிசியும் வைத்தியமும்தான் ஞாபகம் வருகின்றன. ‘மரபு’ போதும், தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயலே இருக்கிறது.

என் சண்டை ‘நடைப்பயண’த்தோடு. பழனிக்குப் போகிறவர்கள் செய்வது அது, தேர்தலுக்கு முன் தலைவர்கள் செய்வதும் அது. பயணம் என்றால் போய்ச்சேர ஓர் ஊர் வேண்டும். புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இருக்கும் வைசியாள் வீதியில் எங்கே போய்ச்சேர்வது? அங்கே நிற்பதுதான் வேலை. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை: வெயிலில் வருகிற யாரோ ஒருவனுக்காக வீட்டுக்காரர் இறக்கிவைத்த நிழல். அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதிக்குப் போனால் உயர்ந்த மதிலும் பெரிய கதவும்தான், உட்காரத் திண்ணை கிடையாது. இரண்டு தெரு அலைந்தாலே இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

‘மரபு நடை’ என்கிறார்கள் நண்பர்கள் சிலர். சுருக்கம்தான். ஆனால் எனக்கு அது பழைய உரைநடையைத்தான் நினைவூட்டுகிறது. ‘உலா’ இருக்கும்போது ஏன் இந்தத் திண்டாட்டம்? சாமி வீதியுலா வருகிறது, சுற்றுலாவிலும் அதுதான் ஒளிந்திருக்கிறது. உலா இலக்கியத்தில் தலைவன் பரிவாரத்தோடு அல்லவா வருவான் என்பார்கள். காற்றும்தான் உலாவுகிறது, அதற்கு ஏது பரிவாரம்?

அப்புறம் ‘சுய வழிகாட்டப்பட்ட’. வழி காட்டப்பட்டது யாருக்கு, நடைக்கா? தானே இலக்கைத் தேடிப்போகும் ஏவுகணைக்கு வேண்டுமானால் பொருந்தும். ‘தனி உலா’ என்றால் குடும்பத்தோடு போகக்கூடாது போலிருக்கிறது. கையில் இருக்கும் தாள்தான் வழிகாட்டி. ஆகவே ‘கையேட்டு மரபுலா’ என்பேன்.

அதே தாளில் ஒரு வீட்டுக்கு ‘உயர்த்தப்பட்ட அமரும் மேடை’ இருப்பதாகப் போட்டிருந்தது. புரியாமல் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ‘திண்ணை’ என்றே இருந்தது.