சொப்பின் பைக்குக் காசு: பில்லைப் பார்த்தீர்களா?

சாமான் கட்டி முடிந்ததும் "பை வேணுமோ?" என்று கடைக்காரர் கேட்டால் கோபிக்காதீர்கள். கைப்பிடி வைத்த பொலித்தீன் பையை, நாங்கள் சொப்பின் பை என்கிறோமே, அதை 2025 நவம்பர் 1 முதல் கடைகள் சும்மா கொடுக்கக்கூடாது. இலங்கைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை இது. பையின் விலை கடையில் கண்ணில் படும்படி இருக்கவேண்டும். பில்லிலும் அது தனியாக வரவேண்டும். பையை விற்கத் தடையில்லை, இலவசத்துக்குத்தான் தடை. பில்லில் காட்டாமல் காசு எடுத்தால் அச்சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். பைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அம்மம்மாவின் உமலை, அந்தப் பனையோலைப் பையை, தூசு தட்டி எடுக்கலாம்.

இது ஒன்றுதான் சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 செப்டெம்பர் 1 அன்றே, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சோறு சுற்றும் லஞ்ச் சீற், ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைச் சாப்பாட்டுப் பெட்டி, சரசரக்கும் மெல்லிய பலசரக்குப் பை எல்லாம் தடைசெய்யப்பட்டன. தடிப்பு 20 மைக்ரோனும் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் செய்யமுடியாது. கோயில் திருவிழாவுக்கோ கட்சிக் கூட்டத்துக்கோ பொலித்தீனில் தோரணம் கட்டுவதும் தடை. மாவிலை, குருத்தோலைக்கு எங்களிடம் என்ன பஞ்சமா?

அதே நாளில் வந்த இன்னொரு தடையைத்தான் நாங்கள் அதிகம் மீறுகிறோம். பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக்கூடாது. வளவைக் கூட்டி, சருகோடு யோகட் கப்பையும் பையையும் சேர்த்துக் கொளுத்துவது காலம்காலமாக நடப்பதுதான். ஆனால் சருகு சாம்பலாகும், பிளாஸ்டிக் அரைகுறையாய் உருகி நச்சுப் புகையாகும். மிச்சம் மாரி வெள்ளத்தோடு வாய்க்காலுக்குப் போகும்.

வாய்க்கால் எங்கே போகிறது? எங்கள் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு. அது ஆழம் குறைந்தது, முக்கால்வாசி நிலம் சூழ்ந்தது; உள்ளே போனது இலகுவில் வெளியேறாது. பண்ணையிலும் நாவாந்துறைக் கரையிலும் ஒதுங்கிக் கிடக்கும் பையைத் தொட்டுப் பாருங்கள், விரலிலேயே உதிரும். எங்கள் வெயிலும் அலையும் செய்யும் வேலை அது. பை இல்லாமல் போய்விட்டது என்று நினைப்போம். உண்மையில் ஆயிரம் துண்டாகியிருக்கும். 5 மில்லிமீற்றரை விடச் சிறியதை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். அதை இறாலும் மீனும் இரையோடு சேர்த்து விழுங்கும். அறுந்த நைலோன் வலையும் இப்படித்தான் துகளாகும். ஆகவே குற்றம் முழுவதையும் கடைக்காரர் தலையில் போடமுடியாது.

2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத ஷாம்பு பைக்கற் போன்றவை தடை. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. 2023 ஒக்டோபர் 1 முதல் ஸ்ட்ரோ, ஒருமுறை பாவிக்கும் கோப்பை, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் பூமாலை ஆகியவற்றைச் செய்யவோ விற்கவோ கூடாது. யோகட் கப் தப்பிவிட்டது.

அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. கொழும்பில் எழுதிய சட்டம் எங்கள் குசினி வரை வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சந்தையில் இனிமேல் தட்டு வாங்கும்போது ஈர்க்கில் பின்னியதாகக் கேளுங்கள்.