“நான் விஷுவல் லேர்னர் சார்”

மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததும் பல இடங்களில் ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். ‘வார்க்’ என்று பெயர். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது ஆகிய நான்கில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று பார்க்க 16 கேள்விகள். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் 1987இல் உருவாக்கியது. பதில் போட்டு முடித்ததும் மாணவருக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. “நான் விஷுவல்” (பார்த்துக் கற்பவர்), “நான் ஆடிட்டரி” (கேட்டுக் கற்பவர்).

உடலியங்கியல் நடத்தும் எனக்குக் கவலை தருவது இந்தப் பட்டம்தான். இன்டர்னலில் மார்க் குறைந்தவரிடம் எப்படிப் படித்தாய் என்று கேட்டால், “வீடியோ பார்த்தேன் சார், புத்தகம் எனக்கு ஏறாது, நான் விஷுவல்” என்று பதில் வரும். சரி, கார்டியாக் சைக்கிள் (இதயத் துடிப்பின் சுழற்சி) படத்தைப் பார்க்காமல் வரை என்றால் பேனா நின்றுவிடும். வீடியோ ஓடும்போது எல்லாம் புரிவதுபோலத்தான் இருக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது உதவாது.

விருப்பம் பொய்யில்லை. ஆனால் விருப்பப்படி கற்றால் நன்றாகக் கற்போம் என்பதற்குத்தான் போதிய ஆதாரம் இல்லை. உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008இல் ஆய்வுகளை அலசிச் சொன்னது இதைத்தான். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்தவர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வார்க் சொன்ன வழியில் பெரும்பாலானோர் படிக்கவே இல்லை. படித்தவர்களுக்கும் அதனால் மதிப்பெண் கூடவில்லை.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. எப்படிக் கற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடமே முடிவுசெய்கிறது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருங்குவது) மர்மரை, அதாவது அப்போது இதயத்தில் கேட்கும் இரைச்சலை, எத்தனை படம் பார்த்தாலும் பிடிக்க முடியாது. நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, ஸ்டெத்தின் பெல்லை (கிண்ணம் போன்ற பக்கத்தை) ஏபெக்ஸில் (இதயத்தின் நுனிப் பகுதியில்) லேசாக வைத்துக் காதால்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் ஏன் டயஸ்டோலில் (இதயம் தளரும் கட்டத்தில்) வருகிறது என்பது காதுக்குத் தெரியாது. அதற்குப் புத்தகமும் படமும் வேண்டும். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸை வரையாமல் கற்றவர்களை நான் பார்த்ததில்லை. மண்ணீரல் வீங்கியிருப்பதை விரல் சொல்ல வேண்டும். வார்டில் “நான் ஆடிட்டரி” என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

எந்த ஸ்டைல்காரருக்கும் பலன் தரும் வழி ஒன்று உண்டு, அது யாருக்கும் பிடிக்காது: மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை நான்கு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதியவர்கள் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். முந்தைய இரவுப் படிப்பு மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறதோ என்னவோ.

எனவே ஹைலைட்டரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு டாபிக் முடிந்ததும் வெள்ளைத்தாளில் ஞாபகம் உள்ளதை எழுதி, வரைந்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. அறைத்தோழரை எக்ஸாமினராக உட்காரவைத்து வைவா நடத்தச் சொன்னால் இன்னும் நல்லது; அவருக்கும் படித்த மாதிரி ஆயிற்று.