தினம் ஒரு வசனம் போதும் என்று இருந்துவிடாதீர்கள்

மறுபடியும் அதே பேச்சு. "பாஸ்டர், எனக்கு விசுவாசமே போயிடுச்சு. தினமும் காலையில வசனம் வாசிச்சேன், வாய்விட்டு அறிக்கை செய்தேன், ஆண்டவர் செய்யலையே." இந்த முறை சொன்னவர் பல வருடங்களாகச் சபைக்கு வருகிறவர். என்ன வாசித்தீர்கள் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு படம், அதன்மேல் எரேமியா 29:11. விரலால் தள்ளத் தள்ள அதேபோல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம், ஒரு வசனம். "இதற்கு முந்தின வசனம் என்ன?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒருவர் பின் ஒருவராக இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு இனியும் சும்மா இருக்க முடியாது. போனில் வரும் ஒரு வசனத்தைப் பார்த்துவிட்டு 'ஆமென்' போடுவது வேத வாசிப்பு அல்ல. அதை வேத வாசிப்பு என்று நினைத்திருப்பதால்தான் பலருடைய விசுவாசம் முதல் அடியிலேயே உடைகிறது.

அந்த எரேமியா வசனத்தையே எடுத்துக்கொள்வோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று வருகிறதே, அதுதான். வேலைக்கு விண்ணப்பித்தவர் இது தன் வேலைக்கு என்று எடுத்துக்கொள்கிறார். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் அப்பா பிழைப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா இறந்துபோனால்? ஆண்டவர் வாக்கு மாறிவிட்டார் என்று ஆகிவிடுகிறது.

எரேமியா 29ஆம் அதிகாரத்தில் இருப்பது ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அப்படிச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது அது. அவர்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: எப்போது ஊர் திரும்புவோம்? முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி அதற்குப் பதில் சொல்லியிருந்தான். ஆலயத்தில், எல்லா ஜனங்களும் கேட்க, இரண்டே வருடம் என்றான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து எல்லார் கண்முன்னும் உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவே, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னான். ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை. மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இருப்பு நுகம் வரும் என்றார். அனனியா அந்த வருடமே செத்துப்போனான்.

இதற்குப் பிறகுதான் கடிதம் வருகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. 10ஆம் வசனத்தில் காலக்கணக்கும் இருக்கிறது: எழுபது வருடம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்கப் போவதில்லை, பாபிலோன் மண்ணிலேயே அடக்கம் செய்யப்படப் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான் கர்த்தர், நான் உங்களைக் குறித்து நினைத்திருப்பது தீமை அல்ல, சமாதானம் என்கிறார். முந்தின வசனத்தோடு சேர்த்து வாசித்தால்தான் இந்த வசனத்தின் கனம் தெரியும். தனியாக வெட்டி எடுத்து, 'என் காரியம் சீக்கிரம் நடக்கும்' என்று படித்தால், நாம் அனனியாவின் வார்த்தையைக் கேட்டுவிட்டு எரேமியா சொன்னதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இந்த வாக்குத்தத்தம் நமக்கு இல்லையா என்று உடனே கேட்பார்கள். இருக்கிறது. வாக்குக் கொடுத்தவர் மாறாதவர். அவருடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்கிறார். ஆனால் எழுபது வருடக் காத்திருப்பில் இருந்தவர்களுக்குச் சொன்னதை, அடுத்த மாதத்துக்கான உத்தரவாதமாக யாரும் நமக்குத் தரவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்தச் சகோதரர் அழுதிருப்பார், துக்கப்பட்டிருப்பார், ஆனால் ஆண்டவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லியிருக்க மாட்டார்.

வசனத்தைத் தனியாக எடுத்துப் பேசுவதில் தேர்ந்தவன் ஒருவன் இருக்கிறான். வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்த பிசாசு 91ஆம் சங்கீதத்தைத்தான் சொன்னான். தூதர்களுக்குக் கட்டளையிடுவார், உமது பாதம் கல்லில் இடறாது, ஆகையால் தாழக் குதியும் என்றான். சங்கீதத்தில் 'உன் வழிகளிலெல்லாம்' என்று இருப்பதை விட்டுவிட்டான். அதற்கு இயேசு என்ன செய்தார்? மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்தே, அதுவும் 6ஆம் 8ஆம் அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நாற்பது வருடம் சோதிக்கப்பட்டதை மோசே நினைவூட்டுகிற பகுதி அது. இயேசுவும் நாற்பது நாள் வனாந்தரத்தில் பசியோடு இருந்தார். முழுப் பகுதியும் உள்ளே இருந்ததால் சரியான இடத்தில் அது வெளியே வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவுல் வசனம் வசனமாக எண் போட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் தன் பதிப்பில் போட்டார். தேடி எடுக்க வசதிக்காக வந்த எண்கள் அவை. அந்த எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு வசனமும் தனித்தனியாக நமக்கு அனுப்பப்பட்ட செய்தி என்று நினைத்துவிட்டோம்.

சரி, எப்படி வாசிப்பது? ஒரு புத்தகத்தை எடுங்கள், அதை முடியுங்கள், அடுத்ததற்குப் போங்கள். அவ்வளவுதான். பிலிப்பியர் நிருபம் மொத்தமே நான்கு அதிகாரம், கால் மணி நேரத்தில் வாசித்து முடிக்கலாம். 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதை உட்கார்ந்து வாசியுங்கள். எழுதிய பவுல் சிறையில், கட்டுகளில் இருக்கிறார். அதற்கு முந்தின வசனத்தில், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் பழகிக்கொண்டேன் என்கிறார். பரீட்சையில் ஜெயிப்பதைப் பற்றி அங்கே ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்கு சுவிசேஷத்தைச் சொல்வேன், 16 அதிகாரம்தான். புதிய ஏற்பாடு முழுவதும் 260 அதிகாரம்; வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், இரண்டு நாள் விட்டுப்போனதைப் பிடிக்கவும் இடம் இருக்கும். 1,189 அதிகாரத்தையும் ஒரே வருடத்தில் முடிக்கிறேன் என்று ஜனவரியில் கிளம்பி, லேவியராகமத்தில் நின்றுபோய், குற்ற உணர்ச்சியில் வேதத்தையே மூடி வைத்துவிடாதீர்கள். மெதுவாகப் போங்கள். நிறுத்தாமல் போங்கள்.

ஜெபத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வாசித்ததிலிருந்தே ஜெபம் வரட்டும். வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதங்கள் இருக்கின்றன. 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று தாவீது கேட்கிறான். ஆண்டவரிடம் அப்படிக் கேட்கலாமா என்று பயப்படுகிறவர்கள், அந்தக் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து சபை. "வீட்டிலேயே யூடியூபில் நல்ல நல்ல பிரசங்கம் கேட்கிறோம் பாஸ்டர், அது போதாதா?" போதாது. அந்தப் பிரசங்கியார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. நீங்கள் வீட்டில் மனைவியிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று அவர் கேட்கப் போவதில்லை. பிடிக்காத இடம் வந்தால் நீங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். சபையில் அப்படி முடியாது, அதுதான் சபையின் நன்மை. எருசலேமின் முதல் விசுவாசிகளைப் பற்றி அப்போஸ்தலர் 2:42 சொல்லும்போது உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நான்கையும் சேர்த்தே சொல்கிறது. வீடியோவில் உபதேசம் மட்டும் கிடைக்கலாம். மற்றதற்கு ஆட்கள் வேண்டும். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், பேச்சில் கெட்டிக்காரன். அவனுக்கே ஒரு குறை இருந்தது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியர் அவனைத் தங்களோடு அழைத்துக்கொண்டுபோய் இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள். இதைச் செய்ய உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

பிரசங்கத்தைச் சும்மா கேட்டுவிட்டு வராதீர்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே, அது உண்மைதானா என்று தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைப் பாராட்டுகிறது. அப்படியிருக்க உங்கள் போதகர் சொல்வதை ஆராய்வதில் என்ன தவறு? சனிக்கிழமை இரவே அந்தப் பகுதியை வாசித்துவிட்டு வாருங்கள். புரியாததைக் கேளுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிற போதகரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள். 'ஆண்டவர் என்னோடு பேசினார், இதை யாரிடமும் சொல்லாதே' என்று ஆரம்பித்து, பணத்திலோ உங்கள் மகளின் திருமணத்திலோ போய் முடிகிற பேச்சு எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

என் உடன் ஊழியர்களுக்கும் ஒன்று. வாரம் ஒரு தலைப்பு, அதற்குப் பொருந்தும் ஐந்து வசனங்கள் என்று நாமே பிரசங்கித்துக்கொண்டிருந்தால், ஜனங்கள் தனி வசனத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று புலம்ப நமக்கு உரிமை இல்லை. எபேசுவில் பவுல், திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம் தினமும் போதித்தார். தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைக்கவில்லை என்று பிறகு அந்தச் சபையின் மூப்பர்களிடம் சொல்லவும் அவரால் முடிந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து வாராவாரம் வரிசையாகப் போதியுங்கள். பின்வரிசையில் இருப்பவர்களும் மெல்ல மெல்ல அப்படியே வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இதைச் சொல்லாமல் விட முடியாது: மாத்திரையை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கோ, வலிப்புக்கோ, மன நோய்க்கோ மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன்னோடு ஊழியத்தில் இருந்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். ஜெபமும் செய்யுங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

ஜெபிக்கவே முடியவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, எதிலும் ருசி இல்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஆவிக்குரிய கேள்வி அல்ல. தூக்கம் எப்படி, சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்பேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாகத் தோன்றுகிற அளவுக்குப் போய்விட்டால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள், உங்கள் போதகரைக் கூப்பிடுங்கள். ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.

வாசிப்பு விட்டுப்போய், சபைக்கு வருவதும் நின்றுபோய், இப்போது எந்த முகத்தோடு வருவது என்று தயங்குகிறவர்களே, உங்களிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. வருகிற ஞாயிறு எந்தப் பகுதியிலிருந்து பிரசங்கம் என்று உங்கள் போதகருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்ததும் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசியுங்கள், பிடிபடாத வரிகளைக் குறித்து வையுங்கள், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.