எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான் ஏன் வெட்டுப்படுகிறது?

பார்வை மங்கிய ஒருவர் தம் விண்டோஸ் கணினியில் எழுத்தளவைக் கூட்டிவைக்கிறார். உடனே, நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளில் ‘சேமி’ என்ற பொத்தானின் எழுத்துகள் பாதியில் வெட்டுப்படுகின்றன, கீழ்வரிசைப் பொத்தான்கள் சாளரத்துக்கு வெளியே மறைந்துவிடுகின்றன. குறை அவருடையதன்று, பொத்தானின் அளவை எழுத்தோடு பிணைக்காமல், மாறாத பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) எண்ணாக எழுதிவைத்த நிரலுடையது.

எழுத்தின் அளவைப் பாயின்ட் என்ற அலகில் சொல்கிறோம். 72 பாயின்ட் ஓர் அங்குலம். திரையோ பிக்சல்களால் ஆனது. விண்டோஸ் இயல்பாக ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கிடுவதால், 9 பாயின்ட் எழுத்து 12 பிக்சல் பெறுகிறது. பயனர் 125 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த 96 என்பது 120 ஆகிறது. அதே எழுத்துக்கு 15 பிக்சல் தேவைப்படுகிறது. இந்த அங்குலம் அளவுகோலில் காணும் அங்குலமன்று, கணக்குக்காக வைத்துக்கொண்டது.

இதற்கான அழகிய தீர்வு ஒன்று விண்டோஸின் உரையாடல் பெட்டிகளில், அதாவது பயனரிடம் விடை கேட்கும் சிறு சாளரங்களில், நெடுங்காலமாகவே இருக்கிறது. அங்கே கிடைமட்ட அலகு என்பது எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தில் நான்கில் ஒரு பங்கு, செங்குத்து அலகு என்பது எழுத்துயரத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே 50 அலகு அகலமும் 14 அலகு உயரமும் கொண்ட வழக்கமான பொத்தான், எழுத்து வளரும்போது தானும் வளர்கிறது. இந்த அலகை விட்டுவிட்டுப் பிக்சலில் எழுதியதே பெருந்தவறு என்பது என் கருத்து.

அப்படி எழுதப்பட்ட பழைய மென்பொருள்களுக்காக, விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல், திரை 96 கணக்கிலேயே இருப்பதாக நிரலுக்குச் சொல்லிவிட்டு, அது வரைந்த படத்தை விண்டோஸே இழுத்துப் பெரிதாக்கத் தொடங்கியது. அமைப்பு குலையாது, ஆனால் எழுத்து மங்கலாகும். தெளிவாகப் படிக்கவே எழுத்தைப் பெரிதாக்கியவருக்கு அது உதவியாகாது. 2013-இல் வந்த 8.1 பதிப்பில், சாளரம் வேறு விழுக்காடு அமைக்கப்பட்ட திரைக்கு நகர்ந்தால் அதைத் தெரிவிக்கும் செய்தி நிரலுக்குக் கிடைத்தது. 2018-இல் விண்டோஸ் 10, எழுத்தை மட்டும் 225 விழுக்காடு வரை வளர்க்கும் தனி அமைப்பைத் தந்தது. நிரல் இதையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

வெறும் பெருக்கல் மட்டும் போதாது. எழுத்தின் வடிவம் முழுப் பிக்சல்களுக்குப் பொருத்தப்படும்போது, 125 விழுக்காட்டில் ஒரு சொல்லின் அகலம் சரியாக 1.25 மடங்காக இருப்பதில்லை. ஆகவே காட்டப்போகும் சொல்லையே, காட்டப்போகும் எழுத்துருவில் அளந்து இடம் ஒதுக்குவதே பிழையற்ற வழி. தமிழில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: வரியின் உயரம் போதாமல் அடிப்பகுதி வெட்டுப்பட்டால், ‘பு’, ‘பூ’ இரண்டுமே ‘ப’ போலத் தெரியும்.