13 வயதுப் பையனைப் பற்றி முடிவெடுக்கும் கிளப்புகளுக்கு

விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட்டாக சென்னையில் நான் பார்க்கும் இளம் கால்பந்து வீரர்களில் பெரும்பாலானோர் 12 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்கள். முட்டிக்குக் கீழே வலி, குதிகாலில் வலி, இடுப்புப் பக்கம் இழுத்துப் பிடிப்பது என்று வருவார்கள். இவர்களில் பலரும் மோதியோ விழுந்தோ அடிபட்டவர்கள் இல்லை. வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் உடம்பை, வளர்ந்து முடித்த ஆளுக்கான அட்டவணையில் ஓடவிட்டதால் வந்தவர்கள். இன்னொரு வகையும் உண்டு. பையனுக்குக் காயம் எதுவும் இருக்காது. "சின்னவனா இருக்கான்னு கிளப்ல வேண்டாம்னுட்டாங்க, உயரத்துக்கு ஏதாவது பயிற்சி இருக்கா சார்?" என்று அப்பா கேட்பார். இரண்டு வகைக்கும் காரணம் ஒன்றுதான். கிளப்புக்குப் பையனின் பிறந்த தேதி தெரியும். அவன் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்பது தெரியாது.

பையன்களுக்குச் சராசரியாக 13½ வயதுக்கும் 14 வயதுக்கும் இடையில் உயரம் கூடும் வேகம் உச்சத்தைத் தொடும். அந்த ஒரு வருடத்தில் 9, 10 செ.மீ. ஏறுவதுண்டு. பெண்பிள்ளைகளுக்கு இது ஏறத்தாழ இரண்டு வருடம் முன்னதாக, 12 வயதை ஒட்டி வரும். இதெல்லாம் சராசரிதான். ஒருவனுக்கு 12 வயதிலேயே வந்துவிடும், அவன் வகுப்புத் தோழனுக்கு 15-இல்தான் வரும். ஒரு அண்டர்-14 அணியை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. எலும்பின் முதிர்ச்சியில் மூன்று நான்கு வருட இடைவெளி சாதாரணமாக இருக்கும்.

அந்த வேகமான வருடத்தில் எலும்பு முதலில் நீளும், தசையும் தசைநாணும் பின்னால்தான் வந்து சேரும். முன்தொடைத் தசையின் நாண் முட்டிக்குக் கீழே போய் ஒட்டும் இடம் இந்த வயதில் முழு எலும்பாகியிருக்காது, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஷாட்டும், குதியும், ஓடிவந்து சட்டென்று நிற்பதும் அந்த இடத்தையே பிடித்து இழுக்கும். அது புடைத்து, தொட்டாலே வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது இதைத்தான். குதிகாலில் இப்படி வந்தால் சீவர்ஸ் என்பார்கள். அது இன்னும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடும்.

மைதானத்தில் இந்த வலிக்கு இரண்டு பதில்கள் சொல்கிறார்கள். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும், ஓடு" என்பது ஒன்று. ஸ்கேன் எடுத்துவிட்டு ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்பது மற்றொன்று. இரண்டுமே பையனுக்கு நல்லதில்லை. குதிப்பதையும் பலமான ஷாட்டுகளையும் கெட்டித் தரையில் ஓடுவதையும் குறைத்து, பாஸ், டச், நிதானமான ஆட்டம் என்று தொடரலாம். நான் வைத்திருக்கும் அளவு எளியது. ஆடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையில் அது கூடியிருக்கவும் கூடாது. தாண்டினால் அந்த வாரம் இன்னும் குறைக்க வேண்டும். வளர்ச்சி முடிந்து அந்த இடம் எலும்பாக இறுகியதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலி தானாகவே போய்விடும்.

எல்லா வலியும் இந்த ரகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பந்தை ஓங்கி உதைக்கும்போது இடுப்புப் பக்கம் "டப்" என்று ஏதோ விட்டுப்போனது போல இருந்து அடுத்த அடி வைக்க முடியவில்லை என்றால், தசைநாண் எலும்புத் துண்டோடு பிய்த்துக்கொண்டு வந்திருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கீழ்முதுகு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பின்னால் வளையும்போது கூடினால் முதுகெலும்பில் நுண்முறிவு இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டு வீக்கம், நொண்டி நடப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஆட்டத்தின் அளவுக்கு வருகிறேன். இங்கேதான் கிளப்புகள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நன்றாக ஆடும் பையன் பள்ளி அணியில் இருப்பான், அகாடமியில் இருப்பான், மாவட்ட அணிக்கும் கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏரியா அண்ணன்களோடு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்டும் ஆடுவான். நான்கு கோச்சுகள், நான்கு அட்டவணைகள். மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. சுமாராக ஆடும் பையனுக்குத் தானாகவே ஓய்வு கிடைத்துவிடுகிறது, திறமைசாலிதான் தேய்கிறான். இளையோர் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு வரம்பு உண்டு. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைத்த பயிற்சியும் போட்டியும் வேண்டாம். 13 வயதென்றால் எல்லாம் சேர்த்து 13 மணி நேரம். இதைத் தாண்டும் பிள்ளைகளுக்கு அதிகச் சுமையால் வரும் காயங்கள் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கூட்டல் கணக்கை அகாடமிதான் போட வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பெற்றோர் வாரம் ஒருமுறை எழுதிப் போட்டால்கூடப் போதும்.

பெரிய கிளப்புகளிலும் இது நடக்கிறது. பார்சிலோனாவின் பெத்ரி 2020-21 சீசனில் கிளப், நாடு, யூரோ, ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70-க்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடினார். அப்போது அவருக்கு 18 வயது. அடுத்த சீசனில் தொடைத் தசைக் காயம் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்தின் மைக்கேல் ஓவன் 17 வயதில் லிவர்பூலுக்கு ஆடத் தொடங்கி, 1998 உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்தப் புகழ்பெற்ற கோலைப் போட்டபோது 18. அடுத்த ஏப்ரலில் தொடையின் பின்தசை கிழிந்தது. 2001-இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் டி'ஓர் விருது வாங்கினார் என்றாலும், அந்தக் காயத்துக்குப் பிறகு தன் உடம்பு பழையபடி இல்லை என்று அவரே பேசியிருக்கிறார். சிறந்த மருத்துவக் குழு வைத்திருந்த கிளப்புகளில் இது நடந்தது. பிசியோவே இல்லாத நம் அகாடமிகளில் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அடுத்தது செலக்‌ஷன். வேகமாக வளரும் மாதங்களில் கைகால் நீண்டு, எடையின் மையம் மாறி, பையனுக்குத் தன் உடம்பே புதிதாக இருக்கும். போன சீசனில் காலில் ஒட்டிக்கொண்ட பந்து இப்போது எகிறிப் போகும். "உன் டச் எங்கேடா போச்சு?" என்று கோச் திட்டுவார். அது எங்கும் போகவில்லை. நீண்ட காலுக்கு ஏற்ப மூளை கணக்கைத் திருத்திக்கொள்ளச் சில மாதங்கள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அண்டர்-15 தேர்வு நடப்பதும் பையனை வெளியே அனுப்புவதும் சரியாக இந்த மாதங்களில்தான்.

இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 எல்லை என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் மோதுவார்கள். 13 வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய இடைவெளி. இங்கிலாந்தில் எல்லை செப்டம்பர் 1. அங்கே ஜூலை இறுதியில் பிறந்த, பிற்காலத்தில் இங்கிலாந்து கேப்டனான ஹாரி கேனைச் சின்னஞ்சிறு வயதிலேயே ஆர்சனல் அகாடமி விட்டுவிட்டது. ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே சின்னவன் என்று அனுப்பியது. 2016-இல் லெஸ்டர் பிரீமியர் லீக்கை வென்றபோது அந்த சீசனில் வார்டி போட்டது 24 கோல். உயரம் போதாது என்று பிரெஞ்சு கிளப்புகள் தள்ளிவிட்ட கிரீஸ்மான், ஸ்பெயினின் ரியல் சோசியதாத்துக்குப் போய் வளர்ந்து 2018-இல் பிரான்ஸுக்காக உலகக்கோப்பை வென்றார். இவர்கள் எப்படியோ திரும்பி வந்தவர்கள், அதனால் பெயர் தெரிகிறது. திரும்பி வராதவர்களை நாம் எண்ணுவதே இல்லை.

சீக்கிரம் வளர்ந்த பையனும் இதில் ஏமாற்றப்படுகிறான். 13 வயதில் மீசையோடு நிற்பவன் தோளால் தள்ளிவிட்டு ஓடியே கோல் போடுவான். கிளப்புக்குக் கோப்பை கிடைக்கும். அவனுக்கு உடம்பைத் திருப்பவோ, நெருக்கடியில் பாஸ் கொடுக்கவோ யாரும் கற்றுத் தரமாட்டார்கள், தேவைப்படாததால். 17-இல் மற்றவர்கள் உயரத்தில் அவனை எட்டிய பிறகு அவன் கையில் எதுவும் மிஞ்சாது. வயது மோசடி செய்தவன் என்ற சந்தேகமும் இவன் மேல்தான் விழும். மோசடியைப் பிடிக்க எடுக்கும் மணிக்கட்டுப் படம் எலும்பின் முதிர்ச்சியைத்தான் காட்டும், பிறந்த தேதியைக் காட்டாது. மோசடி இங்கே உண்மையான பிரச்சினைதான், சோதனை வேண்டியதுதான். ஆனாலும் நேர்மையான பிள்ளை அதில் மாட்டும்போது அவனுக்காகப் பேச அகாடமியிடம் பழைய அளவுகள் இருக்க வேண்டும்.

அந்த அளவுகளை எடுக்கப் பெரிய செலவில்லை. சுவரில் பொருத்தும் உயரமானி ஒன்று, எடை இயந்திரம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை ஒரே நேரத்தில், செருப்பில்லாமல் அளந்து எழுதுங்கள். நிற்கும் உயரத்தோடு உட்கார்ந்த உயரத்தையும் எடுங்கள். உயரம் மாதத்துக்கு 0.6 செ.மீ. என்ற வேகத்தைத் தொட்டால் காயத்துக்கான வாய்ப்பு கூடுவதாக இளம் வீரர்களிடம் செய்த ஆய்வு சொல்கிறது. அந்தப் பையனின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு, அடுத்த சில மாதங்களுக்கு ஸ்பிரிண்ட், குதி, ஷாட் எண்ணிக்கையைக் குறையுங்கள். அவனைப் பற்றிய எந்த முடிவையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். அம்மா அப்பா உயரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டால், பையன் தன் இறுதி உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று கணக்கிடச் சூத்திரங்கள் உள்ளன. பிரீமியர் லீக் அகாடமிகள் இந்தச் சதவீதத்தை வைத்தே பிள்ளைகளைப் பிரித்துப் போட்டிகள் நடத்திப் பார்த்திருக்கின்றன. பெல்ஜியம் கால்பந்துச் சங்கம் தாமதமாக வளரும் திறமைசாலிகளுக்கென்றே தனியாக இளையோர் அணி வைத்திருக்கிறது. நம்மூர் அகாடமி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்து ஆடவிடலாம். யாருக்கு நிஜமாகவே ஆட்டம் தெரியும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு முன் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிடுவதை வார்ம்-அப் என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். ஃபிஃபா 11+ என்ற பயிற்சி வரிசை 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக இருக்கிறது, சின்னவர்களுக்குத் தனி வடிவம் உண்டு. 20 நிமிடம்தான், ஒரு பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம். வாரம் இருமுறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு: சரியான முறையில், மேற்பார்வையோடு செய்தால் நிற்காது.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மாநிலம் இது. பருவ வயதுக்குப் பிறகு முட்டியின் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மேலே சொன்ன வார்ம்-அப் அவர்களுக்கு இன்னும் அவசியம். சாப்பாடு போதாமல் கடுமையாக ஆடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகும். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். இதை அவள் ஆண் கோச்சிடம் சொல்லமாட்டாள். பெண் அணி நடத்தும் கிளப்பில் அவள் பேசக்கூடிய பெண் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வரி. இரவு 9 மணி வரை டியூஷன், காலை 5:30-க்கு மைதானம் என்றால் இந்த வயதுக்கு வேண்டிய 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் எங்கே வரும்? டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஓடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அவித்த முட்டை, சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம் கொடுக்கும் அகாடமி பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

எவ்வளவு சரியாகச் செய்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் தொழில்முறை வீரர்கள் ஆகப்போவதில்லை. வெளியே அனுப்புவதும் கிளப்பின் பொறுப்புகளில் ஒன்றுதான். இங்கிலாந்தில் கிரிஸ்டல் பேலஸ், வெளியேறும் 18 முதல் 23 வயது அகாடமி வீரர்களுக்கு மூன்று வருடம் துணைநிற்கும் திட்டம் ஒன்றை 2022-இல் அறிவித்தது. நம் கிளப்புகளுக்கு அந்த அளவு பணம் இல்லை. ஆனால் நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லாததைப் பார்த்து ஒரு பையன் தெரிந்துகொள்ளும் நிலையை மாற்றப் பணம் வேண்டாம். பெற்றோரோடு உட்கார வைத்து நேரில் சொல்லுங்கள். அவனுடைய உயரக் கணக்கு, காயக் குறிப்பு, அவன் எதில் நல்லவன் என்று கோச் எழுதிய நான்கு வரி, இவற்றைக் கையில் கொடுங்கள். இன்னும் வளர வேண்டிய பையன் என்றால் அதே காகிதத்தில், ஒரு வருடம் கழித்து மறுபடி வந்து ஆடிக் காட்ட ஒரு தேதியையும் எழுதிக் கொடுங்கள்.