எந்தச் செடியில் இருந்தது?

"இதுவரை பார்க்காத பூச்சி வந்திருக்கிறது, என்னவென்று சொல்லுங்கள்" என்று எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பூச்சியை மட்டும் பெரிதாக எடுத்திருப்பார்கள். பூச்சியியல் வேலையில் இருக்கும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எந்தச் செடியில் இருந்தது?

எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இலையில் உட்கார்ந்ததும் முன்கால்களால் படபடவென்று தட்டும். காலால்தான் அது இலையைச் சுவைக்கிறது. சரியான இலை இல்லையென்றால் பறந்துவிடும். சரியென்றால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு, வீடு எல்லாம்.

பூமி சூடாகும்போது அடி விழுவது இந்த உறவில்தான். ஐரோப்பாவில், வலசை போகாத 35 வகை வண்ணத்துப்பூச்சிகளைக் உயிரியலாளர் கமில் பார்மசான் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவற்றில் 63 சதவீத வகைகளின் வாழிட எல்லை இருபதாம் நூற்றாண்டில் வடக்கே 35 முதல் 240 கிலோமீட்டர் வரை நகர்ந்திருந்ததாக 1999-இல் எழுதினார்கள். இறக்கை உள்ள பூச்சி பறந்து போய்விடும். செடி விதை விழுந்து, முளைத்து, பூத்துத்தான் நகர வேண்டும். மரமென்றால் அதற்கே பல வருடம்.

இடம் மாறாவிட்டாலும் நாள் தவறலாம். இதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நெதர்லாந்தில் குளிர்கால அந்துப்பூச்சியின் முட்டைகள், வசந்தம் சூடானதால், ஓக் மரம் துளிர்ப்பதற்கு முன்பே பொரிந்தன. மொட்டு இன்னும் மூடியிருக்கிறது. புழுவோ சாப்பிடாமல் சில நாள்தான் தாங்கும். தாமதமாகப் பொரிந்தாலும் சிக்கல்தான், அதற்குள் இலை முற்றி டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறிவிடும். பொரியும் நாள் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப் போய் மரத்தோடு மறுபடி ஒத்துவருவது பிறகு தெரிந்தது. எல்லாப் பூச்சிக்கும் அந்த அவகாசம் கிடைக்காது.

அப்புறம், பூச்சி புது மரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மலைப் பைன் வண்டின் புழுக்களைக் கொன்றுவந்த கடுங்குளிர் கனடாவில் குறைந்துவிட்டது. ராக்கி மலையைத் தாண்டிய அந்த வண்டு, இதுவரை தான் அறியாத ஜாக் பைன் மரங்களையும் துளைக்கிறது.

அதனால் படம் எடுக்கும்போது செடியையும் சேர்த்து எடுங்கள். இலையின் இரண்டு பக்கமும், பூ இருந்தால் பூவும். தேதியைக் குறியுங்கள். துளிர் விட்டிருந்ததா, இலை முற்றியிருந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருடமும் அதே செடியைப் போய்ப் பாருங்கள்.