பப்: பலர் புகும் மனை

‘பப்’ என்பது, இங்கிலாந்தில் மது விற்கும் இடத்தைக் குறிக்கும் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற தொடரின் சுருக்கம். ‘பொது வீடு’ என்பது அதன் நேர்ப்பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவந்த அத்தொடர், 19ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயில் தேய்ந்து ஓரசைச் சொல்லாயிற்று. நம் பயணக் கட்டுரைகளில் இதை ‘மதுக்கடை’ என்றும் ‘பார்’ என்றும் எழுதிவிடுகிறோம். இரண்டிலும் வீடு காணாமற்போகிறது. குடியிருக்கும் வீட்டிலேயே ‘ஏல்’ என்னும் பார்லி மதுவைக் காய்ச்சி, முன்னறையில் அயலாருக்கு விற்றதில் தொடங்கிய வழக்கம் இது. பப்பை நடத்துபவரை இன்றும் ‘லேண்ட்லார்ட்’, அதாவது வீட்டுக்காரர், என்றே அழைக்கிறார்கள். ‘பார்’ என்பதோ அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒரு தடுப்புப் பலகை மட்டுமே. மேசையில் அமர்ந்து பரிமாறுபவருக்காகக் காத்திருக்கும் பயணிக்குப் பெரும்பாலான பழைய பப்களில் எதுவும் வந்து சேராது. எழுந்து அந்தப் பலகையருகே சென்று, கேட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

பப் என்ற பெயருக்குள் மூன்று பழைய நிறுவனங்கள் கலந்திருக்கின்றன. ‘ஏல்ஹவுஸ்’ ஏல் விற்ற வீடு. ‘டாவர்ன்’ திராட்சை மது விற்ற இடம். கடை, குடில் எனப் பொருள்படும் ‘தபெர்னா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதே வேரிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்ததே ஈழத்தமிழில் கள்ளுக்கடையைக் குறிக்கும் ‘தவறணை’. மூன்றாவதான ‘இன்’, வழிப்போக்கர் தங்கிய விடுதி. உறைவிடம் என்று பொருள்பட்ட இந்தப் பழைய ஆங்கிலச் சொல், ‘உள்ளே’ என்னும் பொருளுடைய ‘இன்’ என்பதோடு உறவுடையது. தமிழில் ‘அகம்’ உள்ளிடத்தையும் வீட்டையும் ஒருசேரக் குறிப்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

லண்டனின் சதர்க் பகுதியிலுள்ள ‘ஜார்ஜ் இன்’ இவ்வேறுபாட்டைக் கண்ணெதிரே காட்டும். 1676ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்ட இவ்விடுதி, குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றத்தை நோக்கி, மாடிதோறும் மரக்கைப்பிடி போட்ட நீண்ட தாழ்வாரங்களைக் கொண்டது. லண்டனில் இவ்வமைப்போடு எஞ்சியிருக்கும் வண்டி விடுதி இது ஒன்றே. இப்போது பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் உடைமை. பெயரில் ‘இன்’ இருப்பதாலேயே ஒரு பப்பில் படுக்கை கிடைக்கும் என்று பயணி எண்ணிவிடக் கூடாது; பெயர் நிலைத்து, தங்கும் வழக்கம் நின்றுபோன இடங்கள் பல.

வாசலில் தொங்கும் ஓவியப் பலகைக்கும் வரலாறு உண்டு. ஏல் விற்பவர் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில் விதிக்கப்பட்டது. எழுத்தறியாதவர்க்கும் படம் புரிந்தது. ரிச்சர்டின் சின்னமான வெண்கலைமான், ‘ஒயிட் ஹார்ட்’ என்ற பெயரில் இன்றும் எத்தனையோ பப்களின் வாசலில் ஆடுகிறது.

காவிரிப்பூம்பட்டினத்திலும் மது விற்ற மனைக்கு அடையாளம் இருந்தது. ‘பலர்புகு மனைப் பலிப்புதவின் நறவுநொடைக் கொடியொடு’ என்கிறது பட்டினப்பாலை. நறவு என்பது கள், நொடை என்பது விலை. வாசலில் கொடி, உள்ளே பலர் புகும் மனை! ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் பொருளை ‘பலர்புகு மனை’ என்னும் இரண்டு சொற்கள் இவ்வளவு நெருக்கமாகத் தொட்டுவிடுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆயினும் அன்றாட எழுத்துக்கு அது நீளம். ‘பொது இல்லம்’ என்ற நேர்பெயர்ப்போ ஆதரவற்றோர் இல்லம்போல் ஒலிக்கிறது. ‘மதுக்கூடம்’ நம்மிடையே ‘பார்’ என்பதற்கே பழகிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம். ஏற்கெனவே சிலர் ஆளும் ‘மதுவகம்’ என்பதே பப்புக்கு ஏற்ற சொல் என்பது என் துணிபு, ஏனெனில் அதன் ஈற்றிலுள்ள ‘அகம்’ வீட்டைக் காப்பாற்றித் தருகிறது. ‘இன்’ என்பதற்கு ‘வழிவிடுதி’ பொருந்தும். ‘சத்திரம்’ பொருந்தாது, அது அறத்துக்காகக் கட்டப்பட்டது, இங்கிலாந்தின் விடுதியோ காசு வாங்கியது. பப்களின் இயற்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே எழுத வேண்டும். ‘வெண்கலைமான்’ எங்கே என்று கேட்டால் அவ்வூரில் வழிகாட்ட ஆளிராது.